இரவில் பூசிய சன்ஸ்க்ரீன்

போன வாரம் ஊரில் இருந்தேன். திருச்சுழிப் பக்கம், மே மாதம், மதியம் பன்னிரண்டு மணி.

இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் சென்னை நண்பர்கள் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். லீவுக்கு யாராவது அங்கே போவார்களா? ஊட்டி இல்லையா, கொடைக்கானல் இல்லையா?

எனக்கு அந்த வெயில் பிடிக்கும். உச்சி வேளையில் அங்கே எதுவுமே நகராது. ஆடுகள் அதனதன் நிழலிலேயே நிற்கும். ரோட்டின் கடைசியில் தண்ணீர் கிடப்பதுபோல் கானல் மினுங்கும். நரிக்குடி பஸ் அந்தத் தண்ணீருக்குள் இருந்து மெதுவாக எழுந்து, நனையாமல் வரும். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை... இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ மிதந்துகொண்டு கிடக்கலாம். என்ன கிழமை என்பதுகூட மறந்துவிடும்.

என் மகளுக்கு இந்த மிதப்பெல்லாம் கிடையாது. பதின்மூன்று வயது. ஊரில் வந்து இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி — "அப்பா, சன்ஸ்க்ரீன் எங்கே?"

சென்னையில். குளியலறை அலமாரியில். அதை எடுத்து வைப்பது என் பொறுப்பாம். எனக்குத் தெரியாது.

மறுநாள் அவளோடு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கல். சன்ஸ்க்ரீன் வேண்டும் என்றேன். கடைக்காரர் நிதானமாகக் கேட்டார்.

"வெயிலுக்கா சார், வெள்ளையாகுறதுக்கா?"

யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் க்ரீம் வாங்குகிற அத்தனை பேரையும் பிரித்து நிறுத்த இந்த ஒரு கேள்வி போதாதா? "வெயிலுக்குத்தான்" என்றேன். அவர் என் நிறத்தை ஒருமுறை பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

மகள் விசாரணையை ஆரம்பித்தாள். எஸ்.பி.எஃப். முப்பதா, ஐம்பதா? ஜெல்லா, க்ரீமா? வியர்த்தால் வழியுமா? முகத்தில் வெள்ளையாகப் படியாமல் இருக்குமா? கடையில் இருந்தது ஒரே ரகம். எஸ்.பி.எஃப். ஐம்பது, நன்றாகவே வெள்ளையாகப் படிகிற ரகம். இரண்டு ட்யூப் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த நாள் காலையில் வாசலில் அணிவகுப்பு. நானும் என் மனைவி கவிதாவும் வரிசையில் நிற்கிறோம். மகள்தான் அதிகாரி. இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும். காதை மறக்கக் கூடாது, பின்கழுத்தை மறக்கக் கூடாது. வெயிலில் இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்னாலேயே பூசிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

நிலைப்படியில் சாய்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் ராசாத்தி மதினி. என் அண்ணன் மனைவி. நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்மாயில் தூர் எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு. முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அந்த முகத்தில்தான் மங்கு. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் கருப்பாகப் படர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மதினிக்கு அது பெரிய துக்கம். கல்யாணம், காதுகுத்து என்று பத்திரிகை வந்தால் அண்ணனை மட்டும் அனுப்பிவிட்டு, தலைவலி என்று படுத்துக்கொள்வார். வருகிற ஆவணியில் அவருடைய கூடப்பிறந்த தம்பி மகளுக்குக் கல்யாணம். அதற்கும் போகமாட்டேன் என்கிறார். அத்தை இல்லாமல் ஒரு கல்யாணமா? தம்பி வீட்டில் அழுகிறார்கள்.

போன வருடம் மே மாதம் வந்தபோது கவிதாதான் அவருக்கு ஒரு ட்யூப் கொடுத்தாள். வெயில் பட்டால் மங்கு பரவும், தினமும் விடாமல் பூசுங்கள் என்று சொன்னாள். தீரத் தீர கூரியரில் அனுப்பவும் செய்தாள். வருடம் ஒன்று ஓடிவிட்டது. மங்கு குறையவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கி உதடு வரைக்கும் வந்திருந்தது.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. க்ரீம் போடுறீங்களா, இல்லையா?" என்றாள் கவிதா.

"போடாம என்ன? ஒருநா விட்டதில்ல."

"எப்போ போடுவீங்க?"

"ராத்திரிதான். படுக்கப் போறப்ப."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் திடுக்கிட்டுப்போய், "பெரியம்மா, இது வெயிலுக்குப் போடுறது! இதுலயே எழுதியிருக்கு" என்று ட்யூபை நீட்டினாள்.

"தெரியும் தாயி. போன வருசமே நீதான வாசிச்சுச் சொன்ன?"

"அப்புறம் ஏன் ராத்திரி போட்டீங்க?"

மதினியும் சிரித்தார். "ஒங்கப்பாவக் கேளு."

என்னையா?

"மொத நா காலையிலதான் போட்டேன். போட்டுட்டு மம்பட்டிய எடுத்துக்கிட்டு வெளிய வாரேன், ஒங்கப்பா கட்டில்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காக. 'என்ன மதினி, கண்மாய் வெட்டப் போறீகளா, கூத்துக்கு வேசங்கட்டப் போறீகளா'ன்னாக. எல்லாரும் சிரிச்சாக. நானுந்தான் சிரிச்சேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

எங்கள் பக்கம் மதினியைக் கேலி செய்வது கொழுந்தனுடைய உரிமை. உரிமை என்ன... கடமை. இரண்டு நாள் கேலி செய்யாவிட்டால் 'தம்பிக்கு என்ன வருத்தம்' என்று விசாரிப்பார்கள். மதினியும் சும்மா விடமாட்டார், வட்டியோடு திருப்பித் தருவார். அன்றைக்கும் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு உள்ளே போய், சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்.

"வீட்டுலயே வேசம்னா, கண்மாயில நாப்பது பொம்பளைக என்ன சொல்ல மாட்டாளுக? கவிதா ஆசையா வாங்கித் தந்தது, தூரப் போடவும் மனசில்ல. ராத்திரி பூசுனாலும் கொஞ்சமாச்சும் கேக்காதான்னுதான்..." என்றார் மதினி.

இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு வருடம். வெயில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பார்த்துப் பூசி, விடிந்ததும் கழுவிவிட்டு, வெறும் முகத்தோடு வெயிலுக்குப் போயிருக்கிறார். எல்லாம் நான் காப்பி குடித்துக்கொண்டே சொன்ன ஒரு வரிக்காக!

கொழுந்தன் மதினியிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. எப்படிக் கேட்பதென்றும் எனக்குத் தெரியவில்லை. "தப்புத்தான் மதினி" என்று முணுமுணுத்தேன். "அட விடுங்க தம்பி" என்று கையை ஆட்டினார். விட முடியவில்லை. ட்யூபைப் பிதுக்கி, இரண்டு விரல் நீளத்துக்குப் பதில் நான்கு விரல் நீளத்துக்கு எடுத்து, முகம் முழுக்க அப்பிக்கொண்டேன். "வாங்க, நானும் கண்மாய்க்கு வாரேன்."

மதினி கையை நீட்டினார். "இங்கிட்டுக் குடுங்க."

இரண்டு பேரும் வெள்ளை முகத்தோடு கரையில் நடந்தோம். ஏழரை மணி வெயில் இளசாக இருந்தது. கருவேலங்காய்கள் காலடியில் நொறுங்கின. தண்ணீரில்லாத கண்மாய் வெள்ளையாக விரிந்து கிடந்தது. அதற்குள் முழுக்கைச் சட்டையும் துண்டுமாகப் பெண்கள் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கச் சத்தமே இல்லாமல், தூக்கத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. கிட்டே போகப் போகத்தான் சத்தம் வந்தது. எல்லாம் சிரிப்புச் சத்தம்.

"ஏய் ராசாத்தி, யாருடி இது, மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் கூட்டியாந்துருக்க?"

"எங்க கொழுந்தனாரு. மெட்ராஸ்காரவுக."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, முகத்தைத் துடைத்துவிடலாமா என்று என் கை துண்டைத் தேடியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மதினி எப்படித் தாங்கியிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் ஒருவனே போதுமான வேடிக்கையாக இருந்ததால் மதினியை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் மம்பட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். தன் கன்னத்தை மறைத்திருந்த துண்டைக் கொஞ்சம் விலக்கினார்.

"மங்குக்கா ராசாத்தி? எனக்கும் இருக்கு பாரு."

அன்றைக்கு ட்யூப் கை மாறி மாறிப் போனது. எங்கே போய் முடிந்தது என்று தெரியாது.

ஆவணிக் கல்யாணத்துக்கு மதினி போவாரா? "பாப்போம்" என்றிருக்கிறார். மூன்று மாதத்தில் மங்கு மறைந்துவிடாது. ஆனால் போன வாரம் வரைக்கும் அந்தப் 'பாப்போம்'கூடக் கிடையாது.

சென்னைக்குக் கிளம்பும்போது மதினி பஸ் ஏற்றிவிட வந்தார்.

"என்ன தம்பி, ரெண்டு நாளா ஒரு கேலியும் காணோம்?"

"பயமா இருக்கு மதினி."

"அட, பண்ணுங்க. பண்ணிட்டு ஒரு நிமிசம் மூஞ்சியப் பாருங்க, அது போதும்."

இத்தனை வருடமாக வாராவாரம் இந்தப் பத்தியில் கேலி எழுதி, வாசிக்கிற உங்களைச் சிரிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறேன். இங்கிருந்து உங்கள் முகம் தெரியவில்லையே... என்ன செய்வேன்?