சரிகை கறுக்காத காளான் குழம்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், மறுபடி வைத்துவிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திப் பட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். எழுத்து வராது என்பது ஒரு காரணம். நடந்ததை நடந்தபடி சொன்னால், அம்மன் செய்ததை நான் குறைத்துப் பேசுவதாக ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொரு காரணம். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை கிடையாது. இடியும் மழையுமாக இருந்ததற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மனைவியின் தம்பி சந்தவாசலிலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். கையில் ஒரு துணிப்பை நிறையக் காளான்.

"அக்கா, புத்துக் காளான். நம்ம நெலத்துப் புத்துல பூத்துகினு இருந்துச்சி. பொரட்டாசில கறி இல்லாம நீங்கல்லாம் வாடிப்போய்க் கெடப்பீங்களேன்னு எடுத்தாந்தேன்."

புற்று என்றால் எங்களுக்கு அம்மன். மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற இடம். அங்கே முளைத்தது கெட்டதாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? பையை வாங்கி நானே முறத்தில் கொட்டினேன்.

ஆனால் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கறி மாதிரி ருசிக்கிறது எதுவோ, விரத மாதத்தில் எனக்கு அதுவும் கறிதான்.

"சாமியாருக்குக் கஞ்சியும் ஊறுகாயும் போதும்," என்றாள் மனைவி. "அவர் பங்கையும் நீயே சாப்புடுடா தம்பி."

காட்டுக் காளான் கொதிக்கும்போது வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது பல வீடுகளில் உண்டு. வெள்ளி கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் நல்லது என்பார்கள். எங்கள் தெருவில் காசைத் தேட மாட்டோம். தறியில் சரிகை இருக்கிறதே. அசல் சரிகையின் உள்ளே வெள்ளி, மேலே தங்க முலாம். ஒரு சாண் அறுத்து, கரண்டிக் காம்பில் சுற்றிக் குழம்புக்குள் விடுவோம். அன்றைக்கும் மனைவி கேட்டாள். நான் அறுத்துக் கொடுத்தேன்.

மச்சான் அடுப்பங்கரை வாசலில் நின்று சிரித்தான். "மாமா, அசல்தானே? டூப்ளிகேட்டப் போட்டு எங்களை மேல அனுப்பிடாதீங்க."

"முகூர்த்தச் சேலைக்குப் போடுற சரிகைடா. ஒன் வயித்துக்கு அதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

கொதி வந்ததும் எடுத்துப் பார்த்தோம். சரிகை பளபளவென்று இருந்தது. மூன்று பேரும் திருப்தியாகத் தலையாட்டினோம்.

அக்காவும் தம்பியும் மதியம் வயிறாரச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தறிக்குழியிலிருந்த எனக்கு வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. முதலில் மனைவி. அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மச்சானும் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் கை ஜில்லென்று ஆகிவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் வாயில் அம்மன் பேர் ஒன்றுதான் இருந்தது.

அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். இருவருக்கும் டிரிப் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். "வேக வைக்காத காளான் மீதி இருக்கா? தோல், காம்பு, எதுவானாலும் எடுத்துட்டு வாங்க. ஜல்தியா போங்க."

வீட்டுக்கு ஓடி, குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். வெங்காயத் தோலுக்கு நடுவே காம்புகள் கிடந்தன. ரொம்ப விரிந்துவிட்டதென்று மனைவி ஒதுக்கிய ஒன்றிரண்டு முழுக் காளானும் கிடந்தன. எடுத்து வெளிச்சத்தில் வைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சில காம்புகள் அடியில் மெலிந்து, வேர் போல நீண்டு, நுனியில் புற்று மண்ணோடு இருந்தன. சிலவற்றில் அந்த வேரே இல்லை. அடி பருத்து, நடுவில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம். ஒரு குடையின் அடிப்புறம் லேசாகப் பச்சை பாய்ந்திருந்தது. காலையில் முறத்தில் கொட்டியபோது இதெல்லாம் என் கண்ணில் படவில்லை. ஒரே பையில் வந்ததால் எல்லாம் ஒரே காளான் என்று கண் நம்பிவிட்டது.

மச்சான் கட்டிலருகே போய்க் கேட்டேன். "எல்லாம் புத்துலயேதான் பறிச்சியா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "புத்துல கொஞ்சந்தான் இருந்துச்சி மாமா. பை நெறையல. வர்ற வழில சேவூர்கிட்ட ரோட்டோரப் புல்லுல கொடை கொடையா நின்னுகினு இருந்துச்சி. அதுவும் வெள்ளதான், இதுவும் வெள்ளதான்னு..." பிறகு, "அக்கா எப்படி இருக்கா?" என்று அழுதான்.

டாக்டரம்மா போட்டோ எடுத்துக் காளான் பற்றித் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார். குப்பையில் இருந்தது இரண்டு வகை என்று பதில் வந்தது. பச்சை பாய்ந்தது விஷம். ஆளைப் புரட்டியெடுக்கும், ஆனால் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். எனக்கு உயிர் வந்தது. அவர் அதோடு விடவில்லை.

"குழம்புல போனது என்னென்னன்னு போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க. இதைவிட மோசமான வகை ஒண்ணு கலந்திருந்தாக்கூட, நாளைக்கு நல்லா ஆன மாதிரி இருக்கும். அதுக்கப்புறம்தான் ஈரலைத் தாக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"அம்மா, சரிகை போட்டுப் பார்த்தோமே. கறுக்கலையே."

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளி கந்தகத்துக்குத்தான் கறுக்கும். அவிச்ச முட்டையில வெச்சாலும் கறுக்கும். ஆளைக் கொல்ற காளான்ல போட்டா பளபளன்னே இருக்கலாம். பூண்டு, மஞ்சள், அரிசி, எதைப் போட்டுப் பார்த்தாலும் காட்டிக் கொடுக்காதுங்க. வேக வெச்சா விஷம் போயிடும்னும் நம்பாதீங்க."

மறுநாள் காலை மனைவி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். வேறு சமயமாக இருந்தால் தேங்காய் உடைத்திருப்பேன். அன்றைக்கு அவள் தெளிவாகப் பேசப் பேச எனக்குப் பயம்தான் கூடியது. நல்லா ஆன மாதிரி இருக்கும் என்றாரே, இது அதுதானா? மஞ்சள் தெரிகிறதா என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, என் கண்ணையே பாத்துகினு இருக்கீங்க? கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பாத்ததில்லையே."

"இட்லி ஆறிடப் போகுது, சாப்புடு," என்றேன். வராந்தாவுக்குப் போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து படவேட்டம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். வேண்டிக்கொள்ளும்போதே சண்டையும் போட்டேன். உன் புற்றில் விளைந்தது என்று நம்பித்தானே தாயே சாப்பிட்டாள் என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான், புற்றில் விளைந்தது ஒரு கெடுதலும் செய்யவில்லையே என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் டாக்டரம்மா, "ரெண்டு பேருக்கும் ஈரல்ல ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க," என்றார். நேர்ந்தபடி படவேடு போய்ப் பொங்கல் வைத்தோம்.

ஆனால் கதை எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டிருந்தது. சரிகை கறுத்ததாம், அதைப் பார்த்து அம்மன் எச்சரிக்கிறாள் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தோமாம், அதனால்தான் உயிர் தப்பியதாம். டீக்கடையில் என் எதிரிலேயே சொன்னார்கள். மச்சானின் மானமும் இருக்கிறது, சாமி விஷயமும் இருக்கிறது என்று நான் வாய் திறக்கவில்லை.

இந்த வருஷ மழையில், அடுத்த தெருப் பெண் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "அண்ணா, ஒரு சாண் அசல் சரிகை குடுங்க. காளான் கொதிச்சிகினு இருக்குது."

"அதைக் கொட்டிடும்மா," என்றேன்.

"ஒரு சாண் சரிகைக்கு இவ்ளோ பிகு பண்றீங்களே! உங்க வூட்ல போட்டுப் பாத்துதானே பொழச்சீங்க?"

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "கறுக்கலம்மா. பளபளன்னு இருந்துச்சி. அதைப் பாத்துட்டுத்தான் நான் ரெண்டாந்தரம் ஊத்திகினு சாப்ட்டேன்."

அந்தப் பெண் விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். கொட்டினாரா, இல்லையா? பின்னாலேயே போய்க் கேட்டேன். வாசலிலேயே அவருடைய மாமியார், நல்ல குழம்பைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள் என்று என்னைத் திட்டினார். அந்தத் திட்டு எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். எது நல்ல காளான் என்று எனக்கு இன்றும் பார்த்துச் சொல்லத் தெரியாது. தெரியும் என்று என் பேரில் சொல்லிவிடாதீர்கள். அம்மன் காப்பாற்றினாள் என்பதை எடுத்துவிட வேண்டாம், அது என் நம்பிக்கை. டாக்டரம்மா சொன்னதையும் எடுத்துவிட வேண்டாம். சரிகை கறுத்தது என்று மட்டும் தயவுசெய்து யாரும் சேர்க்காதீர்கள். அது கறுக்கவில்லை.