இரும்புச் சன்னம்

இறந்துபோன அப்பாவின் ரப்பர் சப்பாத்துகளை எறிய எடுத்தபோது அந்த வாசம் வந்தது. நாங்கள் குடியேறிய சென்ட் லோரன்டில் அவர் வேலைசெய்த, வேட்டைச் சாமான் விற்கும் கடையில் ரப்பரும் துப்பாக்கி எண்ணெயும் கலந்து அப்படித்தான் மணக்கும். இப்போது அந்தக் கடையிருந்த இடம் குழந்தைகள் காப்பகம். மழைபெய்யும் சனிக்கிழமைகளில் நான் மேசைக்குப் பின்னாலிருந்து படம் கீற, இடுப்புவரை ஏறும் சப்பாத்துகளையும் தோட்டாப் பெட்டிகளையும் எடுத்துக்காட்டியபடி, அப்பா அரைகுறைப் பிரெஞ்சில் எல்லோருக்கும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பார்: வாத்து சுட இரும்புச் சன்னம், அதாவது இரும்புக் குண்டு, போட்ட தோட்டாதான் வாங்கவேண்டும், ஈயமென்றால் ஏரியடியில் கிடந்து, அதைத் தின்னுகிற வாத்தையெல்லாம் மெல்லமெல்லக் கொல்லும்.

ஒருநாள் கேட்டேன்.

"அப்பா, ஆமிக்காரன் சுட்டு உங்கட தோளுக்குள்ள கிடக்கிற சன்னம் ஈயமோ?"

"அது இரும்பு, பிள்ளை. ஒண்டும் செய்யாது."

சொல்லிவிட்டு, ஒழுங்காக அடுக்கியிருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கி, மறுபடி அடுக்கத் தொடங்கினார்.