சேகர் துடைத்த முதுகு

ராணுவத்திலிருந்து என் கணவர் விடுப்பில் ஆரணிக்கு வந்திருந்தார். தறிவேலையை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் குளியலுக்கு அண்டா நிறைய வெந்நீர் போட்டேன். அவரோ ஒரு சொம்புத் தண்ணீரில் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டார். பாலைவன எல்லையில் லாரி வந்தால்தான் தண்ணீராம், அப்படியே பழகிவிட்டதாம்.

"அப்போ முதுகு?" என்றேன்.

"கூட டூட்டி பாக்குற சேகர்தான் தொடச்சி வுடுவான். அவன் கை மாதிரி வராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீர்க்கங்காய் நாரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மாலையில் சேகர் போன் செய்தார். "அண்ணி, அண்ணனுக்குத் தோள்பட்டைக்குக் கீழ உள்காயம். பார்த்தா தெரியாது. வலிய மறைச்சிகினு இருப்பாரு. மெதுவா தேய்ங்க."

இப்போது அந்த இடம் வந்தால் என் கை தானாக மெதுவாகிறது. பொறாமைதான் போகவில்லை, அந்த இடத்தை எனக்குக் காட்டியவர் என் கணவர் இல்லையே.