பதினொரு டப்பாக்கள்

சன்னலோரம் ஒரு பழைய கணினி இருந்தது. பொத்தானை அழுத்தினால் திரையில் வெளிச்சம் வர நான்கு நிமிடம் ஆகும். பலமுறை எண்ணியிருக்கிறேன். மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்த காலம் அது. எங்கள் வேலையைச் சோதித்துப் பார்ப்பவரை எல்லோரும் மேடம் என்றே அழைப்போம். பக்கத்து ஊரான கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. ஓய்வுபெற்ற தொழிலாளர் குடும்பங்கள் மாதாமாதம் மருந்துச் சீட்டு எடுக்கும் இணையப் பக்கத்தில் எதை மாற்றினாலும், புது பிரவுசர்களில் ஒருமுறை பார்ப்பார். அந்தக் கணினியிலிருந்த காலாவதியான பிரவுசரில் மூன்றுமுறை பார்ப்பார். அதில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், அழுத்த வேண்டிய பொத்தான் காணாமல் போகும். தலையில் அடித்துக்கொண்டு திருத்துவோம்.

ஒருநாள் கணக்கெடுத்தேன். வாரத்தின் நாற்பது மணி நேரத்தில் பதினாறு மணி நேரம் அந்த ஒரு பிரவுசருக்கே போனது. அதில் வருபவர்களோ பதினொரு பேர். 'புதிய பிரவுசரில் திறக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டு, பழையதில் பக்கம் திறப்பதை நிறுத்தச் சொன்னேன்.

"ஏக் மினிட் சார். யார் யாருன்னு கேட்டுட்டு நிறுத்தலாமே" என்றார் மேடம்.

பதினொரு பேருக்காகக் காத்திருக்க முடியாது என்றேன்.

நிறுத்திய ஒன்பதாம் நாள் காலையில், தானே விசாரித்துவிட்டு என் மேசைமுன் வந்து நின்றார். "அது பதினொண்ணு ஆள் இல்ல சார். பதினொண்ணு டப்பா."

இயந்திரங்களை எண்ணிவிட்டு மனிதர்கள் என்று எழுதியிருந்தேன்.

அன்றே என்னை லோக்கல் ரயிலில் போபோடிக்கு அழைத்துப்போனார். சந்துக்குள் ஒரு ஜெராக்ஸ் கடை, அதில் ஒரே ஒரு பழைய கணினி. வெளியே வரிசை. முப்பத்து நான்கு பேர். ஒன்பது நாளாக வந்து வந்து திரும்பியவர்கள். முன்னால் நின்ற மூதாட்டி, எங்களிடம் கடைசல் வேலை பார்த்த பழைய டர்னர் ஒருவரின் மனைவி, நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு நெருங்கினார்.

"தம்பி, ஆபீஸ்ல எம் பேர எடுத்துட்டாங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார். காகித மடிப்பைப் பிரித்துக் காட்டினார். "இன்னும் அஞ்சு பாதி இருக்கு. அதுக்குள்ள பேரு வந்துருமா?"

"வந்துரும்மா, நாளைக்கே" என்று மேடம்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மதியத்துக்குள் பழையபடி திறக்க வைத்தோம். மற்ற பத்து இடங்களுக்கும் மேடம் தனியாகப் போய்வந்து, மொத்தம் எத்தனை பேர் என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. படிக்கட்டுகளைக்கூட எண்ணி ஏறுகிறவன், அந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளப் பயந்தேன்.

இப்போது நிக்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவளும் இதே தொழில்தான். ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நேற்று சாப்பிடும்போது, பழைய பிரவுசரை நிறுத்தப் போகிறோம், நாற்பது பேர்தான் என்றாள்.

"நாப்பது பேரா, நாப்பது மிஷினாம்மா?"

"என்னப்பா, ரெண்டும் ஒண்ணுதானே!" என்று சிரித்தாள். எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. போபோடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். போன் வந்து எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நிறுத்துகிறார்களாம். இன்று புதன்.