ஒரு விசில், ரெண்டு விசில்

"அம்மா ஷோ நடக்கறப்ப நீ ஏம்ப்பா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குற?" என்று நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போன வாரம் சின்னவன் என்னைப் போலவே நடந்தும் காட்டினான். ஸ்பீக்கர் பாக்ஸ் வரைக்கும் போய், வயரைக் குனிந்து பார்த்து, திரும்பி வந்து, மறுபடி போய். பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வாயால் பதில் சொல்ல ஆரம்பித்தால் நான் எங்கெங்கோ போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. தப்பிருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

அம்மா முன்பு திருவண்ணாமலையில் ஒரு லைட் மியூசிக் குழுவில் பாடினாள். அதே குழுவில் நான் அறிவிப்பாளன். அறிவிப்பாளன் என்றால் பாட்டுப் பெயரைச் சொல்கிறவன் என்று நினைக்கிறார்கள். அது சின்ன வேலை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கீபோர்டு வாசிக்கிறவர் சத்தத்தை மாற்ற வேண்டும், தபலாக்காரர் சுருதி பார்க்க வேண்டும், அம்மா வெந்நீர் குடிக்க வேண்டும். அதற்குள் ஜனங்கள் எழுந்து போய்விடக் கூடாது. அந்த இடைவெளியில் பேசிப் பேசி அவர்களைச் சேரிலேயே உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு. மேடையில் எப்போது சத்தம் நின்றாலும் அது என் நேரம்.

அம்மா பாடி முடித்தால் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "கண்ண மூடிட்டுக் கேட்டா அப்படியே ஒரிஜினல்மா." எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு நாள் ஆட்டோவில் வரும்போது அம்மா கேட்டாள், "கண்ண தொறந்தா நான் யாருங்க?" வீட்டில் மாவு இருக்கிறதா என்று கேட்டேன்.

அதற்கப்புறம்தான் உங்கள் மாமாவின் பழைய லேப்டாப் வீட்டுக்கு வந்தது. எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் பண்ணப் போகிறேன் என்றாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தன் குரலில் ஒரு வரி பாடுவாள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஏற்றி, இறக்கி, அடியில் பீட்டு வைப்பாள். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவாள், விரலால் மேசையைத் தட்டுவாள், அவ்வளவுதான். பேசியே பிழைக்கிற ஒருவனை அந்த மாதிரி ஒரு ரூமில் வைத்தால் என்ன ஆவான்? உட்காருவேன், எழுவேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன்.

"டீ போடட்டுமா?"

ஒரு காதை மட்டும் தூக்குவாள். "இப்பதானே குடிச்சோம்."

ஒரு தரம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் விசிலைப் போனில் பதிவு பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் பயந்துவிட்டார். "எதுக்கும்மா, டெப்போல மாட்டி வுடவா?" பாட்டுக்கு என்றதும் பஸ்ஸுக்கு ஊதுவதை விட நன்றாக ஊதினாராம். நிறுத்த ஒரு விசில், கிளம்ப ரெண்டு விசில்.

அம்மா புதுசாக மியூசிக் பண்ணுவது குழு முதலாளி காதுக்குப் போனது. வீட்டுக்கே வந்தார். அம்மாவை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், அந்த முறையில் நான் அவருக்கு மாப்பிள்ளை.

"தங்கச்சி, கல்யாண சீசன் வருது. வேலூர்ல பாட ஒரு பொண்ணு ரெடியா இருக்குது. நீ இருக்கியா இல்லையா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் சொல்லிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள, அந்த மியூசிக்குல பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல கேப்பே கெடையாதாமே. நீ எங்க பேசுவ?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனதும் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா தனியாகச் செய்கிற முதல் நிகழ்ச்சி. கீழ்பென்னாத்தூரில், அவளோடு படித்த சிநேகிதியின் குழந்தைக்குக் காதுகுத்து. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "அங்க ஒருத்தரும் எழுந்து ஆடலன்னா நான் அண்ணன் குழுவுக்கே போயிடறேன். லேப்டாப்ப திருப்பிக் குடுத்துடலாம்." குரல் மாறவில்லை. பீன்ஸ் மட்டும் ரொம்பப் பொடியாகிவிட்டது.

உங்கள் ரெண்டு பேரையும் அடி அண்ணாமலையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். மண்டபத்து வாசலில் அம்மா எனக்கு வேலை பிரித்துக் கொடுத்தாள். தொடக்கத்தில் வரவேற்பு, முடிவில் நன்றி. "நடுவுல மட்டும் பேசிடாதீங்க. என்ன ஆனாலும்."

"என்ன ஆனாலும்னா?"

"என்ன ஆனாலும்."

காது குத்தி முடிந்து, குழந்தை தாய்மாமன் மடியில் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. பாதி ஜனம் பந்தியில், பாதி ஜனம் சேரில். நான் வரவேற்றேன். அம்மா ஆரம்பித்தாள். பீட்டு நெஞ்சில் வந்து இடித்தது. யாரும் ஆடவில்லை. நான் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன், வயரைப் பார்த்தேன், திரும்ப நடந்தேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"பாட்டு எப்பப்பா ஆரம்பிப்பீங்க?"

"நடந்துட்டு இருக்குதுங்க."

"இதா? நான் மைக் டெஸ்டிங்னு இல்ல நெனச்சேன்."

அந்த நேரத்தில் மூணு பசங்கள் எழுந்து மேடைக்கு முன்னால் லேசாகக் குதிக்க ஆரம்பித்தார்கள். பீட்டு வேகமானது. அம்மா குரல் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. அப்போது ஒரு விசில். எல்லாம் நின்றுவிட்டது. மண்டபத்தில் ஒரு சத்தமில்லை, பந்தியில் வாளி வைக்கிற சத்தம் மட்டும்.

பாட்டில் கண்டக்டர் விசில் இருக்கிறது என்று தெரியும். அதற்குப் பின்னால் இப்படி ஒரு அமைதியை வைத்திருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கை தானாக மைக்கை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. "பேரன்பு கொண்ட பெரியோர்களே, அடுத்ததாக..."

'அடுத்ததாக' மேலேயே ரெண்டு விசிலும் பீட்டும் வந்து விழுந்தன. யாரோ சிரித்தார்கள். குதித்த பசங்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். நாலைந்து பேர் எழுந்தார்கள், சாப்பிடப் போவதற்கு. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் பீட்டு மறுபடி வேகமாவது தெரிந்தது. அதே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறாள் என்று புரிந்தது. மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கம் தள்ளிப் போனேன். தள்ளிப் போனால் கை சும்மா இல்லை, காற்றில் எதையோ தேடுகிறது. ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரு விசில். அமைதி.

"பேசுப்பா, நின்னு போச்சு," என்றார் பெரியவர்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அமைதி நீண்டுகொண்டே போனது. முதல் தரத்தை விட ஜாஸ்தியாக. மிஷின் கெட்டுவிட்டதோ? கரண்ட் போய்விட்டதோ? அம்மா விரலை ஒரு பட்டன் மேல் வைத்துக்கொண்டு ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்திக் கதவருகே சாம்பார் வாளியோடு நின்ற ஒருத்தர், ரொம்ப சாதாரணமாக, "ஏறிட்டாங்க, ரைட்!" என்றார்.

அந்த ஊரில் பஸ் ஏறாதவர் யார்? பசங்கள் பிடித்துக்கொண்டார்கள். "ரைட், ரைட்!" பின்வரிசைப் பொம்பளைங்கள் சொன்னார்கள். மண்டபமே சொன்னது. அம்மா விரலை அழுத்தினாள். ரெண்டு விசில். பீட்டு மொத்தமாக வந்து இறங்கியது. தாய்மாமன் குழந்தையைத் தன் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, மாலையோடு உள்ளே குதித்தார். அவர் குதித்ததும் அந்தப் பக்கத்துச் சொந்தம் முழுக்க இறங்கிவிட்டது. எழுந்து போனவர்கள் கை கழுவாமல் திரும்பி வந்தார்கள். பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடியே, "இது நம்ம பஸ்ஸு, முன்னாடியே சொல்றதுதானே," என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

திரும்பி பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னாள். முதல் தரம் அமைதியின் அளவு லேப்டாப்பிலேயே முடிவானது. ரெண்டாம் தரம் அதை எடுத்துவிட்டு, தன் விரலில் வைத்துக்கொண்டாளாம். "யாராவது ரைட் சொல்றாங்களான்னு பாத்தேன். சொல்லலன்னா அப்படியே நின்னிருப்பேன்." நான் பேசியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் இருக்கும்போதே சாயங்காலம் ஆகிவிட்டது, முதலாளி போன் செய்தார். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க. மத்தியானத்துலேருந்து வாய அடக்கி வெச்சிருக்கீங்க."

"மச்சான், அந்த வேலூர்ப் பொண்ணையே வெச்சுக்கோங்க," என்றேன். அத்தோடு விடவில்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வருகிற வரைக்கும் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த சீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது எத்தனையோ நிகழ்ச்சி ஆகிவிட்டது. அந்த அமைதி எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் அது நெருங்கும்போது நாக்கு மேலே எழும்புகிறது, கால் நிற்க மாட்டேன் என்கிறது. மைக்கிடமிருந்து தள்ளிப் போகத்தான் ஸ்பீக்கர் பக்கம் போகிறேன்.

சின்னவனே, நடையை நன்றாகத்தான் செய்தாய். ஆனால் கையை வீசிக்கொண்டு நடந்தாய். அடுத்த தரம் ரெண்டையும் பின்னால் கட்டிக்கொள், இறுக்கமாக.