கசக்காத பேப்பர்

போன மாதம் தர்மபுரி மாவட்டத்தில், ஏரியூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு விவசாயியின் நாக்கில் ஒரு துண்டுப் பேப்பரை வைத்தேன். ஐந்தே நிமிஷத்தில் ஊரே, அவர் சாகப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டது.

அன்றைக்குப் பிடித்த பதற்றம் என்னை இன்னும் விடவில்லை.

நான் யூனிவர்சிட்டியில் பரம்பரையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்பாவின் மூக்கு மகளுக்கு ஏன் வருகிறது, சில நோய்கள் ஏன் ஒரே குடும்பத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன – எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஆராய்ச்சியும் இதுதான், பாடமும் இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை மாணவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போவோம். ரத்தம் எடுப்போம், குரூப் பார்ப்போம். கூடவே நாக்குப் பரிசோதனையும் உண்டு.

அது என்ன நாக்குப் பரிசோதனை? மருந்தில் நனைத்துக் காயவைத்த சின்னப் பேப்பர். நாக்கில் வைத்தால் பலருக்குக் கடுமையாகக் கசக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. பிறவியிலேயே அப்படி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. யாருக்குக் கசக்கிறது, யாருக்குக் கசக்கவில்லை என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுக்கொண்டே போனால், ஒரு குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எப்படி இறங்குகிறது என்று படம் போட்டுக் காட்டலாம். வகுப்பில் இதைச் செய்யும் நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். போன மாதம் வரைக்கும்.

சர்ச் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். என் மாணவி வசந்தா பேப்பரை நீட்ட, நான் குறித்துக்கொண்டிருந்தேன். ஊர் ஆட்கள் என்னை டாக்டரம்மா என்றார்கள். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கின பட்டம் என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்தேன். “படிக்காம யாருங்க டாக்டராவாங்க?” என்று கேட்டுவிட்டு ஒருவர் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்.

மேரி என்ற பெண்ணின் முறை வந்தது. பேப்பர் பட்டதும் துப்பினார். “ஏனுங்க, பச்ச வேப்பிலையாட்டம் இருக்குது.” எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அவர் கணவர் சவரிமுத்து. நாக்கில் வைத்தார், சப்பினார், திருப்பிப் போட்டுச் சப்பினார்.

“ஒண்ணும் தெரியலீங்க. பேப்பரு பேப்பராட்டம்தான் இருக்குது.”

எனக்குச் சந்தோஷம். காலையிலிருந்து முகம் சுளித்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு கசக்காத ஆள் கிடைத்துவிட்டார். குறித்துவிட்டுத் தலையைத் தூக்கினால்... ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

மேரி இன்னொரு பேப்பர் வாங்கிக் கொடுத்தார். அதுவும் கசக்கவில்லை. சவரிமுத்துவின் அண்ணன் சூசை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“காலைல எங்கடா போயிருந்த?”

“கொல்லைக்குத் தண்ணி கட்ட.” அந்தப் பக்கம் வயலைத்தான் கொல்லை என்பார்கள்.

“கால்ல ஏதாச்சும் பட்டுதா?”

சவரிமுத்து யோசித்தார். “வரப்புல ஏதோ சுருக்குன்னுச்சு. முள்ளுன்னு வுட்டுட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருட்டில் ஏதாவது கடித்துவிட்டால் வேப்பிலையை மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால் பயமில்லை. கசக்கவில்லையென்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். நானும் கேட்டு வளர்ந்த நம்பிக்கைதான். ஆனால் அதற்கும் என் பேப்பருக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்கு ஒரு நொடியில் தோன்றிவிட்டது.

சூசை தோளில் கிடந்த துண்டை உருவித் தம்பியின் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். மேரி அழ ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று என் வகுப்புக் குரலை எடுத்தேன்.

“இது விஷம் பாக்குற பேப்பர் இல்லீங்க, பயப்படாதீங்க. சில பேர் நாக்கு பிறவியிலேயே இப்படித்தான். பரம்பரையா வர்றது. இவங்க அப்பாவுக்கும் இதே நாக்கா இருந்தாலும் இருக்கும். அவரைக் கூப்பிடுங்க, இப்பவே காட்டுறேன்.”

“அப்பா இல்லீங்க,” என்றார் சூசை.

“என்ன ஆச்சு?”

“பாம்பு கடிச்சுதுங்க. வேப்பிலை குடுத்தோம். அவருக்கும் கசக்கலீங்க.”

இதற்கு மேல் எந்தப் புத்தகத்தைக் காட்டி விளக்குவது?

அதற்குள் யாரோ ஓடிப்போய் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்தார்கள். சவரிமுத்து மென்றார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நானும்தான்.

“கசக்குதுங்க,” என்றார். “நல்லாவே கசக்குது.”

மேரி சிலுவை போட்டுக்கொண்டார். சூசை துண்டை அவிழ்த்தார். “காலேஜ் பேப்பரு பொய் சொல்லும், வேப்பிலை சொல்லுமா?” என்றது ஒரு குரல். எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

எனக்குத்தான் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். பேப்பருக்கும் விஷத்துக்கும் சம்பந்தம் இல்லை. வேப்பிலையை நம்பியும் உட்கார முடியாது. பயத்தை நான் பேசித் தீர்க்கப் பார்த்தேன், வேப்பிலை தீர்த்தே விட்டது. ஆனால் வரப்பில் சுருக்கென்றது என்ன? அதை யாருமே கேட்கவில்லையே...

குனிந்து காலைப் பார்த்தேன். சேறும் வெடிப்புமாக இருந்த பாதத்தில் முள் குத்தியதா, பல் பட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது. கடியினாலா, துண்டைக் கட்டினதாலா? அதுவும் தெரியவில்லை.

“ஜீப்புல ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”

“இப்பத்தான பயப்படாதீங்கன்னு சொன்னீங்க?” என்றார் சூசை.

“பேப்பருக்குப் பயப்படாதீங்கன்னேன். காலுக்குச் சொல்லலையே.”

“அதான் வேப்பிலை கசந்துடுச்சுங்களே?”

“கசக்கட்டுங்க. ஏறுங்க.”

சவரிமுத்து வர மறுத்தார். கொல்லையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறதாம், மடை மாற்ற வேண்டுமாம். மேரிதான் அவர் கையைப் பிடித்து இழுத்தார். “தண்ணி ஓடுனா ஓடிட்டுப் போவுது. மொதல்ல ஏறுங்க.”

வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். கண் மங்குகிறதா என்று கேட்டால், “வெயிலுல அப்பிடித்தானுங்களே” என்றார். தூக்கம் வருகிறதா என்று கேட்டால், “ராத்திரி பூரா கரண்டுக்குக் காத்துக் கெடந்தேன், வராதுங்களா?” என்றார். எந்தப் பதிலை எந்தப் பக்கம் சேர்ப்பது? வெறும் முள்ளாக இருக்கட்டும், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிகம் பேசவில்லை. கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி டியூபில் விட்டு மேஜைமேல் நிறுத்தி வைத்தார். உறைந்தால் பயமில்லை என்றார். எங்கள் லேபில் ரத்தம் உறைந்துவிடக் கூடாதே என்று மருந்து கலந்து வைப்போம். உறைய வேண்டுமே என்று ஒரு டியூபைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மேரி என் கையைப் பிடித்திருந்தார்.

டாக்டர் டியூபைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது.

கடித்தது கண்ணாடி விரியன்; அதன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. உடனே மருந்து ஏற்றினார்கள். சவரிமுத்து பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனபோது எழுந்து உட்கார்ந்து, மடை மாற்றாமல் போனதற்காக அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இதோடு கதை சுபம் என்று முடித்திருக்கலாம். ஆனால் சூசை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“உங்க பேப்பருதாங்க கரெக்டா சொல்லுச்சு. வேப்பிலைதான் ஏமாத்திடுச்சு.”

முதலிலிருந்து விளக்கினேன். பேப்பர் கசக்காதது பிறவி, பாம்பு கடித்தது தற்செயல் என்றேன். “சரிங்க, சரிங்க” என்று பணிவாகத் தலையாட்டினார். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“ஊருக்குன்னு ஒரு கட்டு குடுத்துட்டுப் போனீங்கன்னா கோடிப் புண்ணியமுங்க.”

முடியவே முடியாது என்றேன். டிபார்ட்மென்ட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஒரு கட்டைக் காணோம். அவசரத்தில் நானும் வசந்தாவும் ஜீப்பில் ஏறியபோது பெட்டி பெஞ்சின்மேல் திறந்தபடியே கிடந்தது; மற்ற மாணவர்கள்தான் பிறகு எடுத்து வந்தார்கள். எடுத்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. உயிர் காக்கிற பேப்பர் என்று நம்பியிருந்தால் நானும் எடுத்திருப்பேன்.

கட்டைத் தேடி வசந்தாவை அந்த ஊருக்கே திருப்பி அனுப்பினேன். எடுத்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மேரி மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம் – பேப்பர் இப்போது ஊரில் இல்லை, மகளைக் கட்டிக் கொடுத்த வூடு, தீர்த்தமலைப் பக்கத்துச் சொந்தம் என்று ஆளுக்கு நாலாகப் போய்விட்டது.

எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். அந்தப் பேப்பர் பெரும்பாலானவர்களுக்குக் கசக்கும். அதை வீடு வீடாகக் கேட்டு எழுதி வைத்திருப்பவளே நான்தான். நாளைக்கு எங்கோ ஒரு கொல்லையில் யாரையோ பாம்பு கடிக்கும். பேப்பரை நாக்கில் வைப்பார்கள். கசக்கும். “பயமில்ல, படு” என்பார்கள். அவரும் படுத்துக்கொள்வார்...

அதனால் இந்த வாரப் பக்கம் தர்மபுரிப் பக்கத்து வாசகர்களுக்கு மட்டும். டீக்கடையில் சத்தம் போட்டுப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தப் பேப்பர் கண்ணில் பட்டால் கிழித்துப் போடுங்கள். மனசு வரவில்லையா? சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடித்தால், கசந்தாலும் ஆஸ்பத்திரி, கசக்காவிட்டாலும் ஆஸ்பத்திரி.