வலை ஊஞ்சலுக்கு ஒரு மணி நேரம்

சும்மா இருப்பதற்காக விமானம் ஏறிப் போன முதல் ஆள் எங்கள் ஷிப்டில் நான்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. அந்தமானில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது, அங்கே யாருக்கும் எதற்கும் அவசரம் கிடையாது என்று கூட வேலை செய்பவர் ஆசை காட்டிவிட்டார்.

என் மனைவி பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகும்வரை தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தவள். அவளிடம் கடல் பார்க்கப் போகலாமா என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வாள். ஆனால் போனில் ஒரு படம் காட்டினேன். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சலில் ஒரு பெண் படுத்திருந்தாள்.

"இதுல ஒரு மணி நேரம் கடலப் பாத்துக்கினு படுக்கணும். வேற ஒண்ணும் வாணாம்" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

துணைக்கு என் மச்சானும் வந்தான். அவளுடைய தம்பி.

தீவு சொன்னபடியே இருந்தது. டீ கேட்டால் ஒரு மணி நேரம் கழித்து வந்து, டீயா காபியா என்று கேட்டார்கள். கடைக்காரர் பத்து மணிக்குத் திறந்து பன்னிரண்டு மணிக்குத் தூங்கப் போனார். நான் காலை ஐந்து மணிக்கே குளித்துவிட்டு வாசலில் நின்றேன். கம்பெனி பஸ் வராது என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தங்கிய இடத்தில் ஐந்து குடில்கள். வலை ஊஞ்சல் ஒன்றே ஒன்று. அதில் ஒரு கல்கத்தாக்காரர் முகத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு காலை முதல் மாலை வரை கிடந்தார். மனைவி போய்ப் பார்ப்பாள், ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவாள். இரண்டு நாள் இப்படியே போனது.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை அவர்கள் ஊரில் முறை வைத்து, சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். "ஒருத்தனே ஏரிய வளச்சிக்கினா மத்தவன் இன்னா பண்ணுவான் மாமா" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் மக்கில் சீட்டுகளைப் போட்டு எல்லாக் குடிலுக்கும் நீட்டினான்.

நான் சும்மா இருப்பேனா. அட்டையில் கட்டம் போட்டு, ஒரு நாளைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், ஐந்து நிமிடம் முன்னதாக வந்து பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதித் தென்னையில் ஆணியடித்தேன். மறுநாளே தீவு திருந்திவிட்டது. கல்கத்தாக்காரர் கயிறெல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்படைத்துவிட்டு எழுந்தார். எதற்கும் அவசரப்படாத குடில் முதலாளி எங்கிருந்தோ ஒரு விசில் வாங்கி வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மனைவிக்குச் சீட்டில் வந்தது எல்லாருக்கும் கடைசியான முறை. ஊருக்குத் திரும்பும் நாள், பத்திலிருந்து பதினொன்று. பதினொன்றரைக்குப் படகு. மாற்றித் தரச் சொன்னேன்.

"அக்கான்னு பாத்தா அதுக்குப் பேரு பாடு இல்ல மாமா" என்றான் மச்சான். அவளும் தலையாட்டினாள்.

கடைசி நாள் தலைக்குக் குளித்து, புதுப்புடவை கட்டி, பத்து மணிக்குச் சரியாக வந்தாள். ஏறுவதற்கு முன் வலையைக் கையால் தடவிப் பார்த்தாள். நாலு நாள் ஆள் மாற்றி ஆள் ஏறி இறங்கியதில் நடுவில் மூன்று கண்ணிகள் விட்டிருந்தன. முதலாளியிடம் நைலான் நூல் கேட்டு வாங்கினாள். மணலில் உட்கார்ந்தாள், கடலுக்கு முதுகைக் காட்டி.

"அத வுடு. ஓரமாப் படுத்துக்கோ" என்றேன்.

"அடுத்த ஆளு உழுந்துட்டா இன்னா பண்றது" என்றாள், தலையைத் தூக்காமல்.

என் அட்டையை அப்போதே பிய்த்து எறிந்திருக்கலாம். செய்யவில்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நான் எழுதி வைத்தபடியே, கல்கத்தாக்காரர் தன் அடுத்த முறைக்காகப் புத்தகத்தோடு வந்து நின்றார். அவள் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.

அவர் ஏறிப் படுத்துக் கடலைப் பார்த்தார். வலை தாங்குகிறதா என்று அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டாள்.